ஒதுக்கின கட்டில்

எனக்கு ஊரில் கட்டிலக்கா என்று பெயர். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன். முதல் தடவை ஒரு மளிகைக்கடைக்காரர் எங்கள் வாசலில் நின்று, "கட்டிலக்கா வீடு இதானே?" என்று உரக்கக் கேட்டபோது என் வீட்டுக்காரர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சமூக சேவகி, அன்னை, இப்படி எதையாவது சொல்லிக் கூப்பிடுவார்கள் என்ற நப்பாசையில்தான் நான் இந்த வேலையில் இறங்கினேன். கிடைத்தது இது.

வேலை பெரிய ரகசியமில்லை. வீடு மாறுகிறவர்கள், புதுசு வாங்கியவர்கள், வேண்டாமென்று வைக்கிற கட்டில், மேஜை, அலமாரி, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் வாங்கி வருவோம். பழுது பார்ப்போம். வெறுந்தரையில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குக் கொண்டுபோய்ப் போடுவோம். மொத்தம் மூன்று பேர். என் வீட்டுக்காரர் வேன் ஓட்டுவார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பயணிகளிடம் திட்டு வாங்கியே காது மரத்துப்போனதால்தான் என்னோடு இன்னும் தாக்குப்பிடிக்கிறார். இரண்டாமவர் எங்கள் தச்சர், பட்டப்பெயர் ரம்பம். பேசிப் பேசி அறுப்பதால் வந்த பெயர் என்று நினைக்காதீர்கள், அதற்குத்தான் மூன்றாவது ஆளாக நான் இருக்கிறேனே. அவர் மரத்தை மட்டும் அறுப்பார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இருவரில் யார் மூத்தவர் என்ற வழக்கு தீராமலே கிடக்கிறது, இரண்டு பேரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்பார்கள். ஏழைகளைப் பார்த்து உள்ளம் உருகியது என்று சொல்லத்தான் ஆசை. உண்மை என்னவென்றால் எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து "டாக்டர் வந்துடுவார், உட்காருங்க" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவள் நான். ஓய்வு பெற்ற புதிதில், பேச ஆளில்லாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டு, நல்ல தேக்கு மேஜை ஒன்றைத் தெருவில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. எனக்கு வயிறு எரிந்தது. குடையை மேஜைக்குப் பிடித்து, நான் நனைந்து, வீட்டுக்குள் இழுத்து வந்தேன்.

"நமக்கு எதுக்கு இது?" என்றார் அவர்.

"நமக்கில்ல."

"பின்ன யாருக்கு?"

மேஜைக்குத் துணையாக ஒரு சோபா வந்தது. சோபாவுக்குத் துணையாக ஒரு பீரோ. கூடத்தில் அவர் பக்கவாட்டில் நடக்க வேண்டியதாயிற்று. "வீட்டுல நான் நிக்க இடமிருந்தாச் சொல்லு, இல்லேன்னா டெப்போவுக்கே போயிடறேன்" என்று அவர் மிரட்டிய வாரத்தில்தான் பின்தெருவில் ஒரு வீட்டில் தீப்பிடித்தது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, சாமான் மொத்தமும் போய்விட்டது. அந்த மேஜையைக் கொண்டுபோய்ப் போட்டோம். அந்த வீட்டம்மா மேஜைமேல் கையை வைத்துக்கொண்டு, "மகராசி, நீ நல்லா இருக்கணும்" என்றாள். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். நாற்பது வருஷம் நோயாளிகளிடம் திட்டு வாங்கியவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதையாகிவிட்டது. அதற்கப்புறம் நான் கட்டில் தூக்கியதெல்லாம் அந்த மகராசிக்காகத்தான்.

மூடிக்கிடந்த ஓர் அச்சகத்தின் கூடத்தை அதன் சொந்தக்காரர் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். தரையெல்லாம் பழைய மை. மெத்தையை நேரே வைத்தால் என்றோ அச்சடித்த எழுத்து தலைகீழாக ஒட்டிக்கொள்ளும், அதனால் கீழே தார்ப்பாய் விரித்திருப்போம். வருகிற சாமான்களை நான்தான் பரிசோதிப்பேன். சோபாவை முழங்காலால் அழுத்துவேன், மெத்தையை மோந்து பார்ப்பேன், கட்டில் இடுக்கில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடிப்பேன். கொடுக்கிறவர்களில் சிலருக்கு என்னைக் கண்டால் ஆகாது. மூன்று கால் நாற்காலியைத் தூக்கிவந்து, "கொஞ்சம் ஆடும், பாத்து உக்காரச் சொல்லுங்க" என்றார் ஒருவர்.

"ஏன் சார், இல்லாதப்பட்டவங்கன்னா மூணு கால்லதான் உக்காருவாங்களா? நீங்க ஒரு தடவ உக்காந்து காட்டுங்க, வாங்கிக்கறேன்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. நாற்காலியோடு போய்விட்டார்.

இன்னொரு வகை உண்டு. நல்ல சாமானாக இருக்கும். கொடுக்கவும் சம்மதித்திருப்பார்கள். வேன் வாசலில் நின்றதும் அழுகை வந்துவிடும். "என் பொண்ணு படுத்த கட்டில்", "எங்கம்மா உக்காந்த நாற்காலி" என்று பிடித்துக்கொள்வார்கள். இவர்களுக்காக ஒரு வசனம் தயாரித்து வைத்திருந்தேன். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தது. "கட்டிலுக்கு ஞாபகம் கிடையாதும்மா. ஞாபகமெல்லாம் உங்ககிட்டதான் இருக்கு, அதை நாங்க தொட மாட்டோம். கட்டிலை மட்டும்தான் எடுத்துட்டுப் போறோம்." சொல்லி முடிக்கும்போது குரல் லேசாகத் தழுதழுக்க வேண்டும். பெரும்பாலும் பலிக்கும். வேனில் ஏறியதும், "பொம்பளைங்க ஏன்தான் மரக்கட்டைய இப்படிக் கட்டிட்டு அழறாங்களோ" என்று சலித்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் கியரைக் கொஞ்சம் சத்தமாகப் போடுவார்.

ஒரு சட்டமும் போட்டேன். யார் கொடுத்தது என்று வாங்குகிறவருக்குச் சொல்லக்கூடாது, யாருக்குப் போனது என்று கொடுத்தவருக்கும் சொல்லக்கூடாது. இதற்குக் காரணம் சோபாக்காரம்மா. சோபா கொடுத்துவிட்டு, போன வீட்டைக் கண்டுபிடித்து, வாரம் தவறாமல் அதைப் பார்க்கப் போனவர். உறை போட்டிருக்கிறார்களா, குழந்தை ஏறிக் குதிக்கிறதா என்று விசாரணை. கடைசியில் அந்தக் குடும்பமே அவர் வந்தால் எழுந்து நின்று சோபாவை அவருக்கு விட்டுவிட்டது. அப்படி ஒரு ஜென்மம் இனி நம் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று நான் தீர்த்துச் சொல்லிவிட்டேன்.

இப்படி எல்லாம் தெரிந்த எனக்குத்தான் பேக்கரிக்காரர் விஷயம் வந்து சேர்ந்தது.

அவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். மனைவி இறந்து, இருந்த வீடும் கைவிட்டுப் போக, இரண்டு பெண் குழந்தைகளையும் காப்பகத்தில் விட்டிருந்தார். ராத்திரி வேலையைப் பகல் வேலையாக மாற்றிக்கொண்டு, ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார். குழந்தைகள் விஷயத்தைப் பார்க்கும் அதிகாரியம்மா வெள்ளிக்கிழமை காலை, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, வீட்டைப் பார்க்க வருகிறார். பிள்ளைகளுக்குத் தனித்தனிப் படுக்கை இருந்தால் அன்றே விட்டுவிட்டுப் போவார். இல்லையென்றால் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார். அடுத்த பேச்சு எப்போதோ.

"ரூம் ரொம்பச் சின்னதுக்கா" என்றார் பேக்கரிக்காரர். "ரெண்டு கட்டில் போட்டா கதவு சாத்தாது. அளந்து பாத்துட்டேன். மாடிக்கட்டில் மாதிரி ஏதாவது கெடைச்சா..."

ரெண்டடுக்குக் கட்டில் எங்களுக்கு அபூர்வமாகத்தான் வரும். அந்த வாரம் வந்திருந்தது. "கவலைய விடுங்க. அது உங்களுக்குத்தான். நான் சொல்லிட்டா சொன்னதுதான்" என்று மார்தட்டினேன். அந்த மனுஷன் கும்பிட்டார். மகராசி என்று சொல்லவில்லை, இருந்தாலும் கண்ணில் அது தெரிந்தது. எனக்கு அன்றைக்கு அது போதும்.

இங்கேதான் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் ஓயாமல் புழங்குகிற வார்த்தை "ஒதுக்கு". ஒரு குடும்பத்துக்கென்று பேசி வைத்த சாமானை "ஒதுக்கி வைங்க" என்பேன், அது ஜன்னல் ஓரமாகப் போகும். ஒன்றுக்கும் உதவாத சாமானை "ஒதுக்கிடுங்க" என்பேன், அது பின்சுவர் ஓரமாகப் போகும். ரம்பம் அதை அறுத்து, தேறுகிற மரத்தில் மற்றதற்குக் கால் போடுவார், சட்டம் போடுவார். வைத்துக்கொள்வதற்கும் அதே வார்த்தை, தூக்கிப் போடுவதற்கும் அதே வார்த்தை. வால் மட்டும்தான் வேறே. தமிழ் அப்படி வைத்திருக்கிறது, நான் என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை, மெத்தையில் கறை இருந்ததை மறைத்த ஒரு பெரிய மனுஷனோடு நான் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் பேக்கரிக்காரர் ஞாபகம் வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, அதே கோபத்தில், "அண்ணே! அந்த ரெண்டடுக்க ஒதுக்கிடுங்க!" என்று கத்தினேன். ரம்பம் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். நான் மறுபடி மெத்தைக்காரரைத் திட்டப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை காலை வேனில் ஏற்றலாம் என்று போனால் ஜன்னலோரம் காலி.

"அண்ணே, ரெண்டடுக்கு எங்க?"

ரம்பம் சுற்றிலும் கை காட்டினார். அதன் கால்கள் ஒரு மேஜைக்குக் கீழே நின்றன. பக்கச் சட்டங்கள் இரண்டு ஒற்றைக் கட்டில்களுக்குள் போயிருந்தன. ஏணி அலமாரித் தட்டுகளாகி, முதல்நாளே ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நல்ல வேலைப்பாடு, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அய்யோ, அறுத்துட்டீங்களா! உங்களுக்கு என்ன கேடு வந்துச்சு?"

"நீங்கதானக்கா ஒதுக்கிடச் சொன்னீங்க?"

"ஒதுக்கி வைக்கச் சொன்னேன்!"

"இல்லக்கா. ஒதுக்கிடுங்கன்னீங்க."

"நல்ல கட்டிலாச்சே, ஏன் ஒதுக்கணும்னு ஒரு வார்த்த கேக்கறதுக்கு என்ன?"

"கேட்டா, 'நான் சொன்னா அதுல ஒரு காரணம் இருக்கும்'பீங்க" என்றார் ரம்பம். "மூட்டைப்பூச்சி ஏதாவது பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

திட்ட வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் என்னுடையதுதான். வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வேன், அதுவும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு. வாயை மூடிக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த மனுஷனிடம் போய் என்ன சொல்வது? இலக்கணத்தில் தவறிவிட்டேன், உங்கள் பிள்ளைகள் இன்னும் கொஞ்ச நாள் காப்பகத்தில் இருக்கட்டும் என்றா?

தெரிந்தவர், தெரியாதவர், போன மாதம் நான் திட்டியவர் என்று எல்லோருக்கும் போன் செய்தேன். யாரிடமும் இல்லை. கடையில் கேட்டோம், செய்து தர இரண்டு வாரமாகுமாம். ரம்பம் குற்ற உணர்ச்சியில், "நான் புதுசா அடிச்சுடறேன்" என்றார். அந்த அளவுக்குத் தேறுகிற மரம் கூடத்தில் இல்லை.

"இந்த ஊருல வேற யார் வீட்டுலயுமா இல்ல?" என்று புலம்பினேன்.

இரண்டு ஆண்களுக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிட்டது. ரம்பம் தரையில் இருந்த மையைக் கட்டைவிரலால் சுரண்டினார். என் வீட்டுக்காரர் கூரையை ஆராய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கூரையிடம் சொல்வதுபோல, "ஒரு வீட்டுல இருக்கு" என்றார்.

"யார் வீட்டுல?"

"பசங்க ரெண்டு பேரும் வளர்ந்து வேற ஊருக்குப் போயாச்சு. கட்டில் சும்மாதான் கெடக்கு. ஆனா அந்த வீட்டம்மா கொஞ்சம் ஒரு மாதிரி. கேட்டா கடிச்சு வெச்சுடும்."

"இதத்தான் நான் சொல்றது! மரக்கட்டைய வெச்சுட்டுப் பூஜை பண்ணுவாங்க!" எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்பரச் சொல்லுங்க. அவளோட நான் பேசிக்கறேன்."

அவர் நம்பரைச் சொல்லச் சொல்ல நான் வேகமாக அழுத்தினேன். பாதி அழுத்தும்போது விரலுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிய இன்னும் கொஞ்சம் ஆனது. எங்கள் வீட்டு நம்பர்.

ரம்பம் இரும ஆரம்பித்தார். இரண்டு வருஷம் முன்னால் எங்கள் வீட்டுக் கதவைச் சரிசெய்ய வந்தபோது அவரும் பையன்கள் படுத்த அந்த அறையைப் பார்த்திருக்கிறார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை, முயற்சி செய்து இல்லாமல் வைத்திருந்தார்.

"அது எப்படிங்க முடியும்? பசங்க வந்தா எங்க படுப்பாங்க?" என்றேன்.

"போன தடவ வந்தப்ப எங்க படுத்தாங்க?"

வீட்டுக் கூடத்தில், தரையில். இரண்டு பேருக்கும் கால் நீண்டுவிட்டது. அந்தக் கட்டிலில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியேதான் தொங்கும். அதற்கு நான், அவங்களுக்குத் தரையில படுக்கத்தான் இஷ்டம் என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தவள்.

வீட்டுக்குப் போனோம். சாவி எங்கேயோ போய்விட்டது என்றேன். அவர் என் புடவைத் தலைப்பைக் காட்டினார், அதில்தான் முடிந்திருந்தது. திறந்தேன். கட்டில்மேல் துணி மூட்டை, பெட்டிகள், இஸ்திரிப்பலகை. வேறொரு வீட்டில் இப்படிப் பார்த்திருந்தால் எவ்வளவு பேசியிருப்பேன்!

"சின்னவன் பாவம், இது மேல உசுரா இருப்பான்" என்று முனகினேன்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார். "கட்டிலுக்கு ஞாபகம் கிடையாதும்மா" என்று ஆரம்பித்தார். "ஞாபகமெல்லாம் உங்ககிட்டதான் இருக்கு..." கடைசி வரியில் குரலைக்கூடத் தழுதழுக்க வைத்தார். பாவி மனுஷன், பஸ் ஓட்டாமல் நாடகத்துக்குப் போயிருக்கலாம்.

"வாய மூடுங்க! மூட்டைப்பூச்சி இருக்கான்னு மொதல்ல பாக்கணும். இருந்தா எப்படிக் குடுக்கறது?" என்று சீறிவிட்டு, டார்ச்சோடு கீழ்த்தட்டில் மல்லாந்து படுத்தேன். இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேதான் பார்த்தேன். ஒரு பூச்சிகூட இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மூட்டைப்பூச்சி இல்லாததற்காக வருத்தப்பட்டேன்.

மேல்தட்டின் அடிப்பலகையில் வெளிச்சம் விழுந்தது. ஆணியால் கீறிய கோணல் எழுத்து. "மேல படுக்கிறவன் குரங்கு."

சின்னவன் வேலை. பெரியவன் மேலே படுப்பான், இவன் கீழே. எழுத்துக்கூட்டப் பழகிய புதிதில் அவன் எழுதிய முதல் முழு வாக்கியம் இதுதான். கட்டிலைக் கெடுத்துவிட்டான் என்று முதுகில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே, "எழுத்துப் பிழை இருக்காம்மா?" என்று கேட்டான். இல்லைடா என்றேன். உடனே அழுகையை நிறுத்திவிட்டான். டார்ச்சை அணைத்தேன். எனக்கு அந்த இரண்டு பேரையும் அப்போதே பார்க்கவேண்டும்போல் இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தேன்.

"என்னம்மா, இருக்கா பூச்சி?" என்றார் என் வீட்டுக்காரர் கடைசியில்.

"இல்ல. எடுங்க" என்றேன்.

ரம்பம் ஸ்பேனரோடு வந்து திருகாணிகளைக் கழற்றினார். கொடுக்கிற சாமானில் ஸ்டிக்கர், கிறுக்கல் எதுவும் இருக்கக்கூடாது என்பதும் நான் போட்ட சட்டம்தான். பலகையைத் திருப்பி, எழுத்தைப் பார்த்துவிட்டு, உப்புத்தாளைக் கையில் எடுத்தார். தேய்க்கவில்லை.

"அண்ணே, அத மட்டும்..." என்றேன்.

"அக்கா, தெளிவாச் சொல்லிடுங்க. ஒதுக்கவா, ஒதுக்கி வைக்கவா?"

"இருக்கட்டும்ணே."

"இருக்கட்டும்னா? தேய்க்கவா, வேணாமா?"

"தேய்க்காதீங்க!" என்று கத்தினேன். அவர் உப்புத்தாளைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து நான் எது சொன்னாலும் இரண்டு தடவை கேட்கிறார். கேட்டுத் தொலையட்டும்.

பொழுது சாயும் முன்னால் பேக்கரிக்காரர் வீட்டில் கட்டில் ஏறிவிட்டது. குறுகலான படி, திருப்பத்தில் ரம்பத்தின் விரல் நசுங்கியது, என் வீட்டுக்காரர் பயணிகளிடம் கற்ற வார்த்தைகள் சிலவற்றைப் பயன்படுத்தினார். பேக்கரிக்காரர் முழங்கையில் மாவோடு ஓடிவந்து கைகொடுத்தார். அறையில் சுவர்ப்பூச்சு புதிது, அவரே அடித்தது, ஜன்னல் கம்பியிலும் சேர்த்து அடித்திருந்தார். இரண்டு தலையணைகள் உறையோடு மூலையில் காத்திருந்தன. கட்டில் நின்றதும் கதவைச் சாத்திப் பார்த்தார். சாத்தியது. திறந்து மறுபடி சாத்திப் பார்த்தார்.

"இத யாருக்கா குடுத்தாங்க?" என்றார். "ஒரு வார்த்த நேர்ல சொல்லணும்."

வாய் வரை வந்துவிட்டது. என் வாழ்நாளில் கிடைக்கக்கூடிய பெரிய மகராசி அந்த அறைக்குள் நின்றுகொண்டிருந்தது. சட்டம் போட்ட புண்ணியவதியும் நானே.

"யாரோ ஒருத்தங்க" என்றேன். "பசங்க பெரியவங்களாயிட்டாங்களாம்."

"குடுக்க மனசு கஷ்டமா இருந்திருக்குமே அவங்களுக்கு?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கொஞ்சம் அலட்டிக்கற பொம்பள, அவ்வளவுதான்."

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேக்கரிக்காரர் ஏணியைத் தடவிக்கொண்டே, "அவங்க நல்லா இருக்கணும்" என்றார். கேட்டுக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்துச் சொல்லாத வாழ்த்து என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. ஏணியில் ஒரு திருகாணி குறைவதாக ரம்பம் சொன்னார். நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன். என் கைப்பையில்தான் இருந்தது அது.

வெள்ளிக்கிழமை காலை அந்தத் தெருமுனையில் எங்கள் வேன் நின்றது. "ஒரு திருகாணி குடுக்கத்தான வந்தோம்?" என்றேன் நான். "ஆமா" என்றார் அவர். "எறங்குங்க சோபாக்காரம்மா."

நான் இறங்கவில்லை. அதிகாரியம்மா வந்தார். இரண்டு பெண்கள் அவருக்குப் பின்னால் ஆளுக்கொரு பையோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். மேலே போனார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பெண்களின் பை திரும்பி வருமா வராதா என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. திருகாணியைக் கைக்குள் உருட்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று மேலேயிருந்து கூச்சல் கேட்டது. இரண்டு பெண்களும் கத்துகிற கத்தல் தெருவுக்கே கேட்டது. போச்சு என்றேன். ஏணி சறுக்கிவிட்டது, யாரோ விழுந்துவிட்டார்கள், திருகாணியைக் கைப்பையில் வைத்திருந்த பாவம் என்னோடு என்று பதறிக்கொண்டு இறங்கி ஓடினேன். படியில் அதிகாரியம்மா தனியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் பை எதுவும் இல்லை.

"யாருக்காவது அடிபட்டுடுச்சா மேடம்?"

"சண்ட" என்றார் அவர். "மேல நீ படு, நீ படுன்னு. மேல படுத்தா குரங்காமே!" சொல்லிக்கொண்டே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்ககிட்ட இருந்த நாளெல்லாம் ரெண்டும் குசுகுசுன்னுதான் பேசும். இப்படி ஒரு தொண்டை இருக்குறதே இன்னிக்குத்தான் தெரியுது. இங்கயே இருக்கட்டும்."

நான் மேலே போனேன். பேக்கரிக்காரர் சமையலறைக் குழாயில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதுகொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி அறைக்குள் போனேன். பெரியவள் மேலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள், தோற்றுவிட்டாள் போலிருக்கிறது. சின்னவள் கீழே மல்லாந்து, கையில் எதையோ வைத்துப் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்ன பண்றே அங்க? கட்டிலக் கெடுக்காதே!" என்று என் வாய் பழக்கதோஷத்தில் கத்திவிட்டது.

"கெடுக்கல பாட்டி" என்றாள். பாட்டி என்றாள்! அன்றைக்கு அதையும் விட்டுவிட்டேன். "தப்பா எழுதியிருந்தாங்க. திருத்தறேன்."

குனிந்து பார்த்தேன். "படுக்கிறவன்" என்பதில் கடைசி "ன்" மட்டும் சுரண்டப்பட்டிருந்தது. மேல படுக்கிறவ குரங்கு.

"இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கு" என்றேன். திருகாணியை நானே முடுக்கினேன். கண் மறைத்ததால் மூன்று தடவை நழுவியது.

வேனில் ஏறி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "மனசு கேக்கலேன்னா சொல்லு, போய் எடுத்துட்டு வந்துடலாம்" என்றார்.

"வண்டிய எடுங்க பேசாம" என்றேன். அவர் என் முழங்கையை ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

வழியில் சின்னவனுக்குப் போன் செய்தேன். வேலை நேரத்தில் நான் கூப்பிட்டால் அவனுக்குப் பயம்.

"என்னம்மா, அப்பாவுக்கு ஏதாவதா?"

"அப்பாவுக்கு என்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கார். டேய், நீ கட்டில்ல எழுதினதுல ஒரு பிழை இருந்துச்சாம். ஒருத்தி திருத்திட்டா. மேல படுக்கிறவன் இல்லையாம், படுக்கிறவளாம்."

கட்டில் எங்கே என்று கேட்பான், ஏன் கொடுத்தாய் என்று கேட்பான் என்று பதிலோடு தயாராக இருந்தேன்.

"அப்ப," என்றான், "அண்ணன் தப்பிச்சுட்டானாம்மா?"

"தப்பிச்சுட்டான்டா" என்றேன்.